கன்னபினால் (சி.பி.என்.): ஓர் அறிமுகம்

கன்னபினால் என்பது கஞ்சாச் செடியிலிருந்து கிடைக்கும் வேதிப்பொருள்களுள் ஒன்று. சுருக்கமாக சி.பி.என். என்று அழைக்கப்படுகிறது. இச்செடியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னபினாய்டுகள் இனங்காணப்பட்டுள்ளன. அவற்றுள் போதை தரும் டி.எச்.சி.யையும், வலிப்பு நோய் மருந்தாகப் பெயர்பெற்ற சி.பி.டி.யையும் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். சி.பி.என். அந்த அளவுக்கு அறியப்படாதது. ஆயினும் இக்குடும்பத்தில் முதன்முதலில் பெயர் சூட்டப்பட்டது இதுதான். அந்த ஆய்வு நடந்ததும் இந்தியச் சரஸைக் கொண்டுதான்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பட்டினப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் மாலை நடைக்குப் பின் அறுபதைக் கடந்த நாங்கள் சிலர் கூடிப் பேசுவது வழக்கம். இரவில் தூக்கம் வருவதில்லை என்பதுதான் அங்கே அன்றாடப் பேச்சு. ஒரு நாள் நண்பர் ஒருவர் மிட்டாய் டப்பா போன்ற ஒன்றைக் கொண்டுவந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கிவந்ததாம். "சார், இது ஹெம்ப்தானாம், கஞ்சா இல்லையாம். மூலிகைதான், தூக்கம் வருமாம். சாப்பிடலாமா?" என்று கேட்டார். மேலட்டையில் சி.பி.என். என்று இருந்தது. அவர் இதய நோய்க்காக இரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவர். அன்று என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பெயரில் உள்ள குழப்பம்

ஹெம்ப் என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் பலரும் "சணல்" என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். சாக்குப்பை நெய்யும் சணலை எண்ணிக்கொண்டு, "சணலில் என்ன கெடுதல்?" என்று கேட்கிறோம். உண்மையில் ஒன்றுக்கொன்று உறவில்லாத பல செடிகள் ஹெம்ப் என்ற பெயரைச் சுமக்கின்றன.

சணல்: சாக்குப்பைக்கான நார் தரும் செடி. ஆங்கிலத்தில் இதன் பெயர் ஜூட். கன்னபினாய்டு எதுவும் இதில் இல்லை.

சணப்பு: வயலில் பசுந்தாள் உரமாக விதைக்கப்படும் மஞ்சள் பூச்செடி. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் சன் ஹெம்ப். நைலான் வருவதற்கு முன் மீன்வலைக்கும் கயிற்றுக்கும் பருத்தி நூலோடு சணப்பு நாரும் பயன்பட்டது.

புளிச்சை: புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்த நார்ச்செடி. ஆங்கிலத்தில் டெக்கான் ஹெம்ப். இலை கஞ்சா இலையைப் போலப் பிளவுபட்டிருப்பதால் இதன் அறிவியல் பெயரில் "கன்னபினஸ்" என்ற சொல் சேர்ந்தது. உருவ ஒற்றுமையைத் தவிர வேறு தொடர்பு இல்லை.

மணிலா ஹெம்ப்: கப்பல் கயிறு திரிக்கும் நார். வாழை இனத்துச் செடியிலிருந்து கிடைப்பது.

கஞ்சாச் செடி: இதுவே உண்மையான ஹெம்ப். லின்னேயஸ் 1753இல் இதற்குக் கன்னபிஸ் சட்டைவா என்று பெயரிட்டார். இந்தியாவிலிருந்து கிடைத்த செடிகளை ஆராய்ந்த லமார்க் 1785இல் கன்னபிஸ் இண்டிகா என்ற பெயரைத் தந்தார்.

ஆகவே விளம்பரத்தில் "ஹெம்ப்" என்று வருமானால் அது சணலும் அன்று, சணப்பும் அன்று, கஞ்சாச் செடிதான். நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்கப்படும், டி.எச்.சி. மிகக் குறைவாக உள்ள வகைகளை மேலை நாடுகளில் ஹெம்ப் என்கிறார்கள். அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டின் வேளாண் சட்டப்படி, உலர்ந்த எடையில் டி.எச்.சி. 0.3 விழுக்காட்டைத் தாண்டாத செடி ஹெம்ப். தாண்டினால் அது கஞ்சா. செடியின் இனம் ஒன்றே. இடையில் இருப்பது சட்டம் போட்ட கோடு.

கண்டுபிடிப்பு வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கஞ்சாவின் தீமைகளைப் பற்றிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. அதன் விளைவாக 1893இல் இந்தியக் கஞ்சா மருந்துகள் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அன்றைய இந்தியா முழுவதிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சாட்சியம் பெற்று, 1894இல் அது அறிக்கை அளித்தது. சென்னை மாகாணமும் விசாரணைக்கு உட்பட்டது. ஆயினும் கஞ்சாவில் மயக்கம் தருவது எந்தப் பொருள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அபினியிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்து ஏறத்தாழ 90 ஆண்டுகள் கடந்திருந்த காலம் அது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் ஆகிய வேதியியலாளர்கள் சரஸ் எனப்படும் கஞ்சாப் பிசினைக் காய்ச்சி வடித்து, சிவந்த நிறமுள்ள கெட்டியான எண்ணெய் ஒன்றைப் பெற்றனர். 1896இல் வெளிவந்த தங்கள் ஆய்வில் அதற்குக் கன்னபினால் என்று பெயரிட்டனர். கஞ்சாவின் போதைக்குக் காரணம் இதுவே என்று கருதினர். 1899இல் அந்த எண்ணெய் ஒரு கலவை என்று தெரிந்துகொண்டு, தூய பொருளைப் பிரித்தெடுத்து அப்பெயரை அதற்கே உரியதாக்கினர்.

பெயர் நிலைத்தது, ஆனால் முடிவு தவறாகிப்போனது. போதையைத் தந்தது எண்ணெயில் கலந்திருந்த வேறொரு பொருள். 1930களின் தொடக்கத்தில் பிரிட்டனைச் சேர்ந்த கான் என்பவர் கன்னபினாலின் கட்டமைப்பைப் பெரும்பகுதி தெளிவாக்கினார். 1940இல் அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸும் பிரிட்டனில் அலெக்சாண்டர் டாட்டும் தனித்தனியே அதை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினர். டாட் பிற்காலத்தில், 1957இல், வேறொரு துறைக்காக நோபல் பரிசு பெற்றார். தூய கன்னபினால் கைக்கு வந்த பின், அதற்குப் பெரிய போதை ஆற்றல் இல்லை என்பது உறுதியானது. உண்மைக் காரணமான டி.எச்.சி.யை இஸ்ரேலில் கவோனியும் மெக்கூலமும் 1964இல் தூய வடிவில் பிரித்துக் கட்டமைப்பை வெளியிட்டனர்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டி.எச்.சி. என்பதன் விரிவு டெட்ராஹைட்ரோகன்னபினால். "டெட்ரா" என்றால் நான்கு. "ஹைட்ரோ" ஹைட்ரஜனைக் குறிக்கும். அதாவது "நான்கு ஹைட்ரஜன் கூடுதலாக உள்ள கன்னபினால்". புகழ்பெற்ற பொருளுக்கு, முதலில் கண்டறியப்பட்ட இந்த எளிய பொருளை வைத்துத்தான் பெயர் அமைந்திருக்கிறது.

எவ்வாறு உருவாகிறது?

பச்சைச் செடியில் கன்னபினால் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். செடி முதலில் கன்னபிஜெரோலிக் அமிலம் என்ற தாய்ப்பொருளை உருவாக்குகிறது. அதை வெவ்வேறு நொதிகள் வெவ்வேறு அமிலங்களாக மாற்றுகின்றன. ஒரு நொதி டி.எச்.சி.யின் அமில வடிவத்தைத் தருகிறது, மற்றொன்று சி.பி.டி.யின் அமில வடிவத்தைத் தருகிறது. வெப்பம் பட்டால் இவை கார்பன் டை ஆக்சைடை இழந்து டி.எச்.சி.யாகவும் சி.பி.டி.யாகவும் மாறுகின்றன. கன்னபினாலை உருவாக்குவதற்கென்று செடியில் நொதி கிடையாது.

பின் அது எங்கிருந்து வருகிறது? டி.எச்.சி. பழசாவதால் வருகிறது. ஒளி, காற்று, வெப்பம் ஆகியவை பட்டு டி.எச்.சி. மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து நான்கு ஹைட்ரஜன் அணுக்களை இழக்கிறது. டி.எச்.சி. மூலக்கூறில் 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள். கன்னபினாலில் 21 கார்பன், 26 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். கழித்துப் பார்த்தால் கணக்கு சரியாக வரும்.

நம் வீட்டுப் புளியை நினைத்துக்கொள்ளலாம். புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். ஓராண்டு பானையில் கிடந்தால் கறுத்துவிடும். யாரும் கறுப்புச் சாயம் சேர்ப்பதில்லை. காலமும் காற்றும் செய்யும் வேலை அது. இரண்டிலும் நடக்கும் வேதிவினைகள் ஒன்றல்ல. போக்கைப் புரிந்துகொள்ளவே இந்த உவமை.

அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் கஞ்சா மாதிரிகளை அறை வெப்பநிலையில் நான்கு ஆண்டுகள் வைத்து அளந்தார்கள். முதல் ஆண்டிலேயே டி.எச்.சி.யில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. நான்கு ஆண்டுகளில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. அதற்கேற்பக் கன்னபினாலின் விகிதம் கூடியது. இந்த விகிதத்தைக் கொண்டு, பிடிபட்ட கஞ்சா எவ்வளவு பழையது என்று தோராயமாகக் கணிக்க முடிகிறது.

தொல்லியலிலும் இது உதவுகிறது. சீனாவின் துர்ஃபான் பகுதியில் யாங்ஹாய் என்ற இடத்தில் சுமார் 2700 ஆண்டுகள் பழமையான கல்லறையில் கஞ்சா கிடைத்தது. 2008இல் வெளியான ஆய்வில், அதில் எஞ்சியிருந்த கன்னபினாய்டுகளில் முதன்மையானது கன்னபினால் என்று தெரிந்தது. டி.எச்.சி. அழிந்துபோனாலும் அது ஒருகாலத்தில் இருந்தது என்பதற்கு இது சாட்சியாக நிற்கிறது.

கடைக்கு வரும் கன்னபினாலைச் செடியைப் பழசாக்கிப் பெறுவதில்லை. பெரும்பாலும் டி.எச்.சி.யையோ சி.பி.டி.யையோ அயோடின் முதலிய வேதிப்பொருள்களுடன் வினைபுரியச் செய்து தயாரிக்கிறார்கள். "மூலிகை", "இயற்கை" என்று அட்டையில் எழுதியிருந்தாலும் இடையில் ஓர் ஆலை உண்டு. வினை முழுமையடையாமல் போனால் டி.எச்.சி. மிச்சமாகக் கலந்திருக்கவும் கூடும்.

உடலில் எவ்வாறு செயல்படுகிறது?

நம் மூளையிலும் நரம்புகளிலும் சி.பி.1 என்ற ஏற்பிகள் உள்ளன. நோய் எதிர்ப்பு அமைப்பில் சி.பி.2 ஏற்பிகள் மிகுதி. இவை கஞ்சாவுக்காகப் படைக்கப்பட்டவை அல்ல. நம் உடலே சுரக்கும் பொருள்களுக்கான பூட்டுகள் இவை. அப்படிப்பட்ட பொருள் ஒன்றை 1992இல் கண்டுபிடித்தபோது "ஆனந்த" என்ற வடசொல்லிலிருந்து ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள்.

டி.எச்.சி. இந்தச் சி.பி.1 பூட்டில் நன்றாகப் பொருந்துகிறது, அதனால்தான் போதை. கன்னபினாலும் அதே பூட்டில் பொருந்துகிறது, ஆனால் பிடிப்பு மிகக் குறைவு. எனவே சிறிய அளவில் போதை தெரிவதில்லை. "போதையே கிடையாது" என்று விளம்பரங்கள் சொல்வது முழு உண்மையன்று. "மிகக் குறைந்த போதை ஆற்றல் உள்ளது" என்பதே சரி.

தூக்கம் தருமா?

இதுதான் என் நண்பரின் கேள்வி. வெளிநாட்டுச் சந்தையில் கன்னபினாலுக்குத் "தூக்க மருந்து" என்ற பெயர் பரவியிருக்கிறது. பழைய கஞ்சா அதிக மயக்கம் தருகிறது. பழைய கஞ்சாவில் கன்னபினால் அதிகம். ஆகவே கன்னபினால்தான் தூக்கம் தருகிறது என்பது அந்த நம்பிக்கையின் அடிப்படை. இரண்டு செய்திகள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது. பழைய கஞ்சாவில் மாறுவது கன்னபினால் மட்டுமன்று. நறுமணப் பொருள்கள் உட்படப் பலவும் மாறுகின்றன.

ஆய்வுகள் சொல்வது என்ன?

1975இல் வெளியான பிரேசில் ஆய்வில் ஐந்து ஆண்களுக்குக் கன்னபினாலைத் தனியாகவும் டி.எச்.சி.யுடன் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாகக் கொடுத்தபோது தூக்கக் கலக்கம் இல்லை. இரண்டும் சேர்ந்தபோது மயக்கமும் சோர்வும் கூடின. ஐந்தே பேர் என்பதால் இதை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

தூக்கம் பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2021ஆம் ஆண்டுக் கட்டுரை, கன்னபினால் தூக்கம் தரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடித்தது.

அதன் பின் அமெரிக்காவில் ஏறக்குறைய 300 பேரிடம் ஏழு இரவுகள் ஒரு சோதனை நடந்தது. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மிட்டாய் என்பது இரு தரப்புக்கும் தெரியாதபடி அமைந்த சோதனை அது. 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு இரவில் விழிப்பது சற்றுக் குறைந்தது. ஆனால் முதன்மை அளவுகோலான தூக்கத்தின் தரத்தில், புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை.

சிட்னிப் பல்கலைக்கழகத்தார் 2024இல் வெளியிட்ட ஆய்வில் எலிகளுக்குத் தூக்கம் கூடியது. எலிக்குக் கூடியது மனிதருக்கும் கூடுமா என்பது இனிமேல்தான் தெரியவேண்டும்.

சுருங்கச் சொன்னால், சிறிய பயன் இருக்கலாம் என்பதற்கு அறிகுறி உண்டு. மருந்து என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

எச்சரிக்கைகள்

சி.பி.டி. கல்லீரலில் உள்ள நொதிகளைத் தடுத்து, இரத்தம் உறையாமைக்கான வார்ஃபரின் மாத்திரையின் விளைவைக் கூட்டும் என்பது மருத்துவர்கள் அறிந்தது. கன்னபினாலும் இத்தகைய நொதிகளோடு வினைபுரிவது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. முதியோரிடம் இதைப் பற்றிய ஆய்வு மிகக் குறைவு. இதயம், வலிப்பு, மனநலம் ஆகியவற்றுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அட்டையில் எழுதியிருப்பதே உள்ளேயும் இருக்கும் என்று நம்ப முடியாது. 2017இல் அமெரிக்காவில் இணையம் வழி விற்ற 84 சி.பி.டி. பொருள்களைச் சோதித்தபோது 26 பொருள்களில் மட்டுமே அளவு சரியாக இருந்தது. 18 பொருள்களில் டி.எச்.சி. காணப்பட்டது.

சிறுநீர்ப் பரிசோதனையில், கன்னபினால் எடுத்தவருக்குக் கஞ்சா எடுத்ததாகவே முடிவு வர வாய்ப்புண்டு. கப்பல் வேலைக்கோ வெளிநாட்டு வேலைக்கோ மருத்துவப் பரிசோதனைக்குப் போகும் இளைஞர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

சட்ட நிலை

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பூவும் காயும் கூடிய நுனிப்பகுதியைக் கஞ்சா என்றும், பிரித்தெடுத்த பிசினை எந்த வடிவில் இருந்தாலும் சரஸ் என்றும் அது வரையறுக்கிறது. இவற்றைக் கலந்து செய்த கலவையும் அதில் அடங்கும். "0.3 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் ஹெம்ப்" என்ற அமெரிக்கக் கோடு இந்த வரையறையில் இல்லை. ஆகவே "அமெரிக்காவில் சட்டப்படி விற்கிறார்கள்" என்பது சென்னை விமான நிலையத்தில் பதிலாகாது. அமெரிக்காவிலேயே 2025 நவம்பரில் அந்த வரையறையை இறுக்கிச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது.

நாருக்கும் விதைக்கும் பயிரிட அரசு அனுமதி தர இச்சட்டத்தில் இடமுண்டு. அதன்படி உத்தராகண்டம் 2018இல் முதலில் உரிமம் வழங்கியது. உரிமம் இல்லாமல் பயிரிடுவது நாடு முழுவதும் குற்றம். 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக ஏற்றுக்கொண்டது. விதையில் கன்னபினாய்டுகள் ஏறக்குறைய இல்லை. விதை எண்ணெயும், பூவின் பிசினிலிருந்து எடுக்கும் சாறும் ஒன்றல்ல என்பதைப் பிரித்து அறியவேண்டும்.

சித்த மருத்துவத்தில் கஞ்சா பழங்காலம் தொட்டுப் பயன்படுகிறது. ஆனால் அதை நஞ்சுப் பொருள்களின் பட்டியலில் வைத்து, சுத்தி செய்த பின்பே மருந்தில் சேர்ப்பர். இன்றைய மருந்துச் சட்ட விதிகளிலும் சித்த மருத்துவ நஞ்சுப் பொருள்களின் பட்டியலில் கஞ்சா இருக்கிறது. "நம் முன்னோர் சாப்பிட்டது" என்று சொல்பவர்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

தமிழர் மிகுதியாக வாழும் சிங்கப்பூரின் நிலை இன்னும் கடுமையானது. அங்கே கன்னபினால் பெயர் குறிப்பிட்டே தடை செய்யப்பட்டுள்ளது. டி.எச்.சி.யும் கன்னபினாலும் எந்த அளவில் கலந்திருந்தாலும், அத்தகைய தாவரக் கலவை "கஞ்சாக் கலவை" எனக் கருதப்படும். 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை விதிக்கச் சட்டம் உண்டு. 2023 ஏப்ரலில், ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்ததாகத் தீர்ப்பான தமிழர் ஒருவர் அங்கே தூக்கிலிடப்பட்டார். மிட்டாய் டப்பாவுக்கு அந்தத் தண்டனை வராது என்பது உண்மைதான். ஆனால் வழக்கும் சிறையும் வரும். அமெரிக்காவிலோ தாய்லாந்திலோ வாங்கியதைப் பையில் போட்டுக்கொண்டு சிங்கப்பூர் வழியாக ஊர் திரும்பும் மாணவர்கள் இதை அறியாமல் இருக்கக் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. ஹெம்ப் என்றால் சணல் அன்று, கஞ்சாச் செடியே.

2. கன்னபினால் செடியில் நேரடியாக உருவாவதில்லை, டி.எச்.சி. பழசாகும்போது உருவாகிறது.

3. 1890களில் கஞ்சாவின் போதைக்கு இதுவே காரணம் என்று எண்ணினார்கள். அது தவறு என்று பின்னர் தெரிந்தது.

4. தூக்கம் தரும் என்பதற்குச் சான்று இன்னும் போதாது.

5. ஒரு நாட்டில் கடையில் கிடைப்பது மற்றொரு நாட்டில் குற்றமாகலாம்.

தூக்கமின்மை உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் காரணத்தைக் கேட்டறிவது நல்லது. சர்க்கரை, இரத்த அழுத்தம், புரோஸ்டேட் வீக்கம், மனக்கவலை, பிற்பகல் காபி என்று காரணங்கள் பல. போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்புவோர் 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணை அழைக்கலாம். அடையாறு பகுதியில் 1980 முதல் இயங்கிவரும் டி.டி.ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனையும் இத்துறையில் பெயர்பெற்றது.

என் நண்பர் அந்த டப்பாவைத் திறக்கவில்லை. மருத்துவரிடம் போனார். அவர் சாப்பிட்டுவந்த மாத்திரைகளில், சிறுநீர் அதிகம் கழிக்கவைக்கும் ஒன்றை இரவிலிருந்து காலைக்கு மாற்றினார்கள். இப்போது இரவில் ஒரு தடவைதான் எழுந்திருக்கிறாராம்.